முடிக்க விடுங்கள் சார்

ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் ஒரு பெண்ணை நடுவர் பாதியில் நிறுத்தி உச்சரிப்பைத் திருத்த, அரங்கமே சிரித்ததே, அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நான் மறுபடி இணைப்பு போடப் போவதில்லை. "இது உங்க கிளாஸ் பொண்ணுதானே?" என்று ஆளாளுக்கு இன்பாக்ஸில் அனுப்பிக் கேட்டாயிற்று. ஆமாம், நான் நடத்தும் ஆங்கிலப் பேச்சு வகுப்புப் பெண்தான். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று அந்த நடுவர் "நல்லதுக்குத்தானே சொன்னேன், இதைப் போய் ஏன் பெரிசு பண்றாங்க" என்று நீளமாக ஒரு விளக்கம் எழுதி, அதற்கு எனக்கு நன்றாகத் தெரிந்தவர்களே இதயம் விட்டிருப்பதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

அவள் உச்சரிப்பு சரி என்று வாதாட வரவில்லை. எண்ணெய்க் கசிவுக்கு ஆங்கிலத்தில் வரும் 'ஸ்பில்' என்பதை 'இஸ்பில்' என்றாள். சொன்னாள்தான். ஏழு நிமிடம் பேசு என்று மேடைக்குக் கூப்பிட்டுவிட்டு, இரண்டாவது நிமிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினீர்களே, என் கோபம் அதில்தான். மைக்கிலேயே நிறுத்தி, அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, அரங்கம் சிரித்து ஓய்ந்ததும் "ஓகே, கன்டின்யூ" என்றீர்களே. எதை சார் கன்டின்யூ பண்ணுவாள்? பத்தொன்பது வயதுப் பெண் இருநூறு பேர் சிரிப்பதைக் கேட்டுவிட்டு, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து மறுபடி ஆரம்பிக்க வேண்டுமா? உங்களால் முடியுமா?

வீடியோவை வெட்டிப் பரப்பிய புண்ணியவான்கள் முதல் நிமிடத்தை வெட்டி எறிந்துவிட்டார்கள். நான் அங்கே இருந்தேன், அதனால் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்ததே, அதுதான் அவள் தலைப்பு. அவள் வீடு அந்தக் கரையில். மேடை ஏறியதும் வணக்கம், என் பெயர் இன்னது, என் தலைப்பு இன்னது என்றெல்லாம் ஆரம்பிக்கவில்லை. "நீங்கள் கடைசியாக எப்போது இறால் சாப்பிட்டீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்டுவிட்டு நிறுத்தினாள். அரங்கத்தில் ஒரு சத்தமில்லை. முன்வரிசையில் ஒருவர் போனைக் கீழே வைத்தார். அப்புறம்தான் முதல் ஸ்லைடு: அப்பாவின் படகு, தண்ணீர் தொடும் உயரம் வரை கறுப்பு. எல்லாமே அவள் போனில் எடுத்த படங்கள். ஒன்றுகூட இணையத்தில் இருந்து எடுத்ததில்லை. எண்ணெய் ஏறிய வலையை ஏன் துவைத்துத் திரும்பப் பயன்படுத்த முடியாது என்று சொல்லத் தொடங்கும் இடத்தில்தான் உங்கள் கை உயர்ந்தது.

அந்த நிறுத்தம் இருக்கிறதே, கேள்வி கேட்டுவிட்டு அமைதியாக நின்றது, அது தானாக வந்ததில்லை. எங்கள் வகுப்பு திருவொற்றியூரில், எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய மாடியில் நடக்கிறது. கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் எதிரில் இருப்பவர் சொல்வதே கேட்காது. லாரி போகும்வரை காத்திரு, பதறாதே, தரையைப் பார்க்காதே, எதிரே இருப்பவர் முகத்தைப் பார், போனதும் அடுத்த வாக்கியத்தை ஆரம்பி என்று சொல்லிச் சொல்லியே இந்தப் பிள்ளைகள் இடைவெளி விடக் கற்றுக்கொண்டார்கள். கத்திப்பாரா பக்கம் கண்ணாடி அறைக்குள் பாடம் எடுப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை, பாவம்.

இன்னொன்றும் செய்கிறோம். நியூசிலாந்தைச் சேர்ந்த பேராசிரியர் பால் நேஷன் எழுதியதால் ஆங்கில ஆசிரியர்கள் மத்தியில் பரவிய பயிற்சி. ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்ல வேண்டும். ஆளை மாற்றி அதையே மூன்று நிமிடத்தில், மறுபடி ஆளை மாற்றி இரண்டு நிமிடத்தில். மொட்டை மாடியில் ஜோடி ஜோடியாக நிற்க வைப்போம். முதல் சுற்றில் 'உம்', 'ஆ', பாதி வாக்கியம், நெற்றியெல்லாம் வியர்வை. மூன்றாவது சுற்றில் அதே பிள்ளை வேறு ஆளாகத் தெரியும். வாக்கியங்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும், வேண்டாத பேச்சு உதிர்ந்துவிடும். இதில் ஒரு சட்டம் உண்டு. கேட்கிறவர் குறுக்கே பேசக் கூடாது, திருத்தவும் கூடாது. அந்த சட்டத்தை மீறினால் பயிற்சியே இல்லை. பதினேழு வயதுப் பையன்கள் கடைப்பிடிக்கிறார்கள் சார். பெயருக்கு முன்னால் முனைவர் போட்டவரால் முடியவில்லை.

"அப்போ தப்பைத் திருத்தவே கூடாதா, அப்புறம் எப்படிக் கத்துக்கும்?" என்று கமெண்ட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. திருத்த வேண்டும், கட்டாயம் திருத்த வேண்டும். பேசி முடித்த பிறகு. கல்யாணப் பத்திரிகை அட்டையை நறுக்கி, வெற்றுப் பக்கத்தில் குறிப்பெழுதித்தான் பிள்ளைகள் பேசுவார்கள். அதே அட்டையில் நானும் எழுதி வைத்துக்கொள்வேன். முடிந்ததும் அதில் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுவோம், கேட்டவருக்கு எது புரியாமல் போனதோ அதை. 'இஸ்பில்' அவளுடைய அட்டையிலும் இருந்தது, கடைசி வரியில். அதற்கு மேலே பெரிதாக எழுதி அடிக்கோடிட்டிருந்தது எண்கள். பதினைந்து, ஐம்பது.

எண்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் என்றால் நான் ஆங்கிலம் பேசக் கற்றது துறைமுகத்தில். கல்லூரி முடித்ததும் மண்ணடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸில் சேர்ந்தேன். கப்பல் வந்தால் ஏணியேறிப் போய், பேப்பர் வாங்கி, என்ன வேண்டும் என்று கேட்டு வர வேண்டும். கேப்டன் உக்ரைன்காரர், சமையல்காரர் பிலிப்பைன்ஸ், இன்ஜினியர் கொரியா. ஒருத்தர் ஆங்கிலம் போல இன்னொருத்தர் ஆங்கிலம் இருக்காது. ஒரு தடவை குடிதண்ணீர் எத்தனை டன் என்று கேட்டேன். அவர் சொன்னது ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா, பதினைந்தா ஐம்பதா என்று எனக்கு விளங்கவில்லை. "சே அகெய்ன், கேப்டன்" என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை, "ஃபைவ், சீரோ" என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். முடிந்தது. யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பாதிக் கப்பல் தண்ணீர் இல்லாமல் கிளம்பியிருக்கும்.

இது அந்த கேப்டனின் பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கடல் உலகமே அப்படித்தான் இயங்குகிறது. சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-ல் ஏற்றுக்கொண்ட தகவல்தொடர்புச் சொற்றொடர்களில் இது விதியாகவே இருக்கிறது. கப்பலைத் திருப்பும் சுக்கானின் கோணம் தவிர மற்ற எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். கேட்கவில்லை என்றால் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். எல்லோருக்கும் ஒரு வட்டார வாசனை இருக்கும் என்று ஒப்புக்கொண்டு, புரிவதற்கு வழி பண்ணிக்கொண்டார்கள். அதனால்தான் எங்கள் பிள்ளைகள் முக்கியமான எண் வந்தால் வேகத்தைக் குறைத்து, ஸ்லைடிலும் பெரிதாகப் போட்டு, விரலால் காட்டுவார்கள். அன்றைக்கு அவளும் காட்டியிருப்பாள். அந்த ஸ்லைடு வரைக்கும் விட்டால்தானே.

அடுத்தது, "இன்டர்வியூவில் யாரும் பாவம் பார்க்க மாட்டார்கள்" என்பவர்கள். இவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், எனக்கு எரிச்சலும் இவர்கள் மேல்தான் அதிகம். பாவம் பார்க்கச் சொல்லி யார் கேட்டார்? மார்க்கைக் குறையுங்கள், கடைசி இடம் கொடுங்கள், வாயைத் திறக்க மாட்டேன். முடிக்க விடுங்கள் என்றுதானே கேட்கிறேன். ஐஇஎல்டிஎஸ் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் கும்பிடும் ஆங்கிலத் தேர்வு. பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஓர் அட்டை கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை பேச விடுகிறார்கள். நடுவில் யாரும் உச்சரிப்புப் பாடம் எடுப்பதில்லை. மதிப்பெண்ணுக்கு நான்கு அளவுகோல், நான்குக்கும் சம எடை, உச்சரிப்பு அதில் ஒன்று. ஒன்றே ஒன்று. 1995-ல் கனடாவில் முன்றோ, டெர்விங் என்று இரண்டு பேர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கேட்டவர்கள் 'அந்நிய உச்சரிப்பு ரொம்ப அதிகம்' என்று மதிப்பெண் போட்ட பேச்சையே, எழுதிக் காட்டச் சொன்னபோது பல இடங்களில் ஒரு சொல் பிசகாமல் எழுதினார்கள். காதுக்கு வேறு மாதிரி இருப்பது வேறு, புரியாமல் போவது வேறு. அன்றைக்கு அந்த அரங்கத்தில் 'இஸ்பில்' யாருக்காவது புரியாமல் போனதா? புரிந்ததால்தானே சிரித்தீர்கள்.

"தமிழில் பேச வேண்டியதுதானே" என்று ஒரு தோழர். ராயபுரத்துக்காரர் வேறு. தோழர், 1949 செப்டம்பரில் நம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் கூட்டத்தைக் கட்டிப் போட்ட அதே அண்ணாதான் 1962-ல் மாநிலங்களவைக்குப் போய் ஆங்கிலத்தில் பேசினார். யாரிடம் பேசுகிறோமோ அவர்களுக்குத் தெரிந்த மொழியில் பேச வேண்டும், அவ்வளவுதான். மேடைப் பேச்சுக்கு நம் பக்கம் யாரும் வந்து வகுப்பெடுக்க வேண்டியதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

ஸ்லைடில் ஸ்பெல்லிங் தப்பு இருந்ததாம். இருந்தது. சரி.

அதே போட்டியில் இன்னொரு மாணவர் வந்தார். அந்தப் பிள்ளை மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஸ்லைடு முழுக்கப் பொடி எழுத்து, திரையைப் பார்த்து வரி விடாமல் வாசித்தார், எங்கள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஆனால் நாக்கைச் சுருட்டிச் சுருட்டி ஒரு ஆங்கிலம். நேரம் தாண்டியும் யாரும் கை காட்டவில்லை. 'வெரி பாலிஷ்ட்' என்று பாராட்டு வேறு. அவர் என்ன சொன்னார் என்று நடுவரிடம் இன்று கேட்டால் ஒரு வரி சொல்வாரா?

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வருகிறது, சம்பந்தம் இருக்கிறதா இல்லையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். என் அக்கா தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'இன்னா' என்று சொன்னதற்காக வாடிக்கையாளர் முன்னால் நிற்க வைத்து 'என்ன' என்று சொல்லப் பழக்கினார்கள். வீட்டுக்கு வந்தும் எங்களிடம் 'என்ன, என்ன' என்றே பேசிக்கொண்டிருந்தாள். நாங்கள் கிண்டல் பண்ணினோம், அவள் அழுதாள். ஆங்கிலத்தை விடுங்கள் சார், எங்கள் வடசென்னைத் தமிழுக்கே சிரித்தவர்கள்தான் நீங்கள். சினிமாவில் எங்கள் பேச்சு என்றால் கத்தி எடுக்கிறவன் அல்லது காமெடியன். வியாசர்பாடி என்றால் கால்பந்து, காசிமேடு என்றால் மீன், இரண்டுக்கும் நடுவில் ரவுடி. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி ஸ்லைடு போட்டு, தன் வீட்டு வாசலில் நடந்ததை உலகத்துக்குத் தெரிந்த மொழியில் சொல்ல வந்தால் காதில் விழுவது முதல் எழுத்துக்கு முன்னால் வரும் ஓர் 'இ' மட்டும்தானா? அவள் அப்பாவுக்கு இரண்டு வலை போனது விழவில்லையா?

நீங்கள் சிரித்ததற்கு அவள் அழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியது ஒரே வரி: "கடைசி ஸ்லைடு காட்டவே இல்லண்ணா."

"பீஸ் வாங்கிக்கொண்டுதானே சொல்லித் தருகிறாய், ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டியதுதானே" என்று ஒருவர். வாங்குகிறேன் ஐயா. மாடிக்கு வாடகை கொடுக்க வேண்டும், கரண்ட் பில் வருகிறது. கொடுக்க முடியாதவர்களிடம் கேட்பதில்லை, அதையும் பெருமையாகச் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதால் சொன்னேன். ஒழுங்காகச் சொல்லித் தருகிறேனா என்று பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நேரில் வாருங்கள். நடுவர் சாரும் வரலாம், அவருக்குத் தனியாக நாற்காலி போடுகிறேன். அட்டையும் பேனாவும் தருவோம். கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு, பிள்ளை பேசி முடித்து "தேங்க் யூ, எனி கொஸ்டின்ஸ்?" என்று கேட்ட பிறகு கேட்கலாம். எவ்வளவு கடினமான கேள்வியானாலும் கேட்கலாம், அதற்கும் பதில் சொல்லப் பழக்கியிருக்கிறோம்.

அவள் முழுதாகப் பேசிய வீடியோவைப் போடச் சொல்லிப் பலரும் கேட்கிறீர்கள். ஒத்திகையில் எடுத்தது என்னிடம் இருக்கிறது. அவளிடம் கேட்டேன், இப்போது வேண்டாம் என்கிறாள். அவள் சரி என்றால்தான் போடுவேன், அதுவரை அவளையோ என்னையோ யாரும் நச்சரிக்க வேண்டாம். கமெண்ட்டில் அந்த வெட்டிய வீடியோவைக் கொண்டுவந்து ஒட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், பிளாக்.