வழக்கு இல்லாத பேய்

எங்கள் குடும்பத்தில் பேய்ப்படப் பித்துப் பிடித்தவர்கள் இரண்டே பேர், நானும் என் அண்ணன் மகனும். சென்ற வாரம் அவன் ‘ஹாலோவீன்’ படக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸின் வெள்ளை முகமூடி அச்சிட்ட டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு தாராவி வீட்டுக்கு வந்தான். என் அம்மா அவனை வாசலிலேயே நிறுத்தி, “ஏல, கொலகாரன் மூஞ்சிய நெஞ்சுல போட்டுக்கிட்டா வெளிய போவே?” என்று கேட்டார். அவன் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டான். இதே கேள்வியை அம்மாவின் வாயால் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுவருபவள் நான் என்பதால், அவனுக்கும் சேர்த்து நான் பதில் எழுதுகிறேன்.

அந்த முகமூடியின் கதையிலிருந்தே தொடங்கலாம். 1978இல் ஜான் கார்பென்டர் ‘ஹாலோவீன்’ படத்தை எடுத்தபோது முகமூடிக்கென்று செலவழிக்கக் கையில் பெரிய பணம் இல்லை. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகமூடி ஒன்றைக் கடையில் மலிவாக வாங்கி, புருவத்தை நீக்கி, கண் துளைகளைப் பெரிதாக்கி, வெள்ளை வண்ணம் அடித்தார்கள். கோபம், சிரிப்பு, வலி எதுவுமே ஒட்டாத ஒரு முகம் அப்படித்தான் கிடைத்தது. அதை அணிந்து நடித்த நிக் காசிலின் பாத்திரத்துக்குப் படத்தின் பெயர்ப்பட்டியலில் கொடுக்கப்பட்ட பெயர் வெறும் ‘உருவம்’ என்பதுதான். இசையும் கார்பென்டருடையதே. ஐந்து எண்ணிக்கையில் ஓடும் அந்தப் பியானோ வரியை, மாட்டுங்காவில் சில ஆண்டுகள் மிருதங்கம் பயின்ற என் அண்ணன் மகன் ஒருநாள் முறுக்கு டப்பாவின் மூடியில் ‘தகிட தகிட தக தக’ என்று தட்டிக் காட்டினான். எண்ணிக்கைக்கு இரண்டாகப் பத்துத் தட்டுகள், அவ்வளவுதான். ஆனால் காலை ஊன்ற முடியாத ஒரு நடை அதில் இருக்கிறது. எப்போது சமத்துக்கு, அதாவது தாளத்தின் தொடக்கத்துக்கு, வரும் என்று காத்திருக்கும் காதுக்கு அது கடைசிவரை நிம்மதியே தருவதில்லை. எங்கள் ரசனை இப்படிப்பட்ட வேலைப்பாட்டின் மீது கொண்ட ரசனை. ‘ஃபிரைடே தி தேர்ட்டீன்த்’ வரிசையின் முகமூடிக் கொலைகாரன் ஜேசன் வேடத்தில் நான்கு படங்களில் நடித்த கேன் ஹாடரை, முகமே தெரியாதபோதும், மூச்சு வாங்கும் தோள்களை வைத்து அடையாளம் சொல்லிவிடும் ரசிகர்கள் உண்டு. அவர்களுக்குக் கொலையில் என்ன ஆசை இருக்க முடியும்? உண்மையில் கொலை செய்தவர்களின் படத்தை மாட்டிக்கொண்டு திரிவதை மட்டும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அங்கே செத்தவர்களுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள்.

எனக்கு இந்தப் பித்தைப் பிடிக்கவைத்தது அமெரிக்கப் படமன்று, இதே மும்பையில் உருவான படம். வாடகைக்கு டி.வி.யும் வீடியோவும் எடுத்து வந்து, தெருவில் பெஞ்சுமேல் வைத்து, விடிய விடியப் படம் பார்த்த காலம் அது. துளசி ராம்சே, ஷியாம் ராம்சே இயக்கி 1984இல் வெளிவந்த ‘புரானா மந்திர்’ படத்தை, ஒன்பது வயதில், அம்மாவின் முந்தானையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அதன் நூலிடைவெளி வழியாகத்தான் பார்த்தேன். சாம்ரி என்ற அந்தக் கொடியவனின் தலையை வெட்டிப் பெட்டியில் பூட்டி ஓரிடத்திலும், உடலை வேறோரிடத்திலும் வைத்திருப்பார்கள்; இரண்டும் சேர்ந்துவிட்டால் அவன் எழுந்துவிடுவான். சாம்ரியாக நடித்த அனிருத் அகர்வால் ரூர்க்கியில் கட்டடப் பொறியியல் படித்தவர் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்துகொண்டேன். அந்த நெடிய உடலும் நீண்ட முகமும் அன்றிரவு முழுவதும் எங்கள் வீட்டுப் பரண்மீது உட்கார்ந்திருந்தன. ஏன் கொன்றாய் என்று அவனைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

தமிழ்ப் பேய்களிடம் அப்படி இருக்க முடியாது, ஏனென்றால் அவற்றுக்கு எப்போதும் ஒரு வழக்கு இருக்கிறது. கணவனால் கொல்லப்பட்டுப் பழிவாங்க வந்த பழையனூர் நீலியும், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து இசக்கியும் நியாயம் கேட்டு வந்தவர்கள். அஞ்சியவர்களே பீடம் கட்டிப் படையலும் போட்டார்கள். நம் திரைப்படங்களும் அந்த வழியிலேயே வந்தன. 2011இல் வந்த ‘காஞ்சனா’வில் சரத்குமாரின் பின்கதை தொடங்கிய பிறகு அந்தப் பேய்க்கு யார் பயப்பட்டார்கள்? கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது பழி தீர்க்க வேண்டும் என்றல்லவா காத்திருந்தோம்! அதை நான் குறையாகச் சொல்லவில்லை. செத்தவளுக்கும் ஒரு வாய் கொடுத்த மரபு அது. என் வருத்தம் வேறு. அந்த ஒரே அச்சில் ஆண்டுக்கு ஆண்டு பேய்களை வார்த்தெடுத்து, முதல் பாதிக்கு நகைச்சுவை, இரண்டாம் பாதிக்குப் பின்கதை என்று பங்கு பிரித்துவிட்டார்கள். வழக்கு தீர்ந்ததும் பேய் போய்விடுகிறது. போய்விட்ட பேய்க்கு ரசிகர் ஏது?

கொடியவனை விளக்கினால் அவன் சிறுத்துவிடுவான் என்பதை ஹாலிவுட்டும் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1981இல் வந்த இரண்டாம் ‘ஹாலோவீன்’ படத்தில் மையர்ஸ் துரத்தும் பெண் அவனுடைய தங்கை என்று ஓர் உறவைக் கட்டினார்கள். யாரை வேண்டுமானாலும் தேடி வரக்கூடிய உருவம், அதோடு குடும்பத் தகராறுக்காரனாகிவிட்டது. 2018இல் வந்த படம் அந்த உறவையே துடைத்தெறிந்தது. அன்று எனக்கு இழந்த பொருள் திரும்பக் கிடைத்ததுபோல் இருந்தது. ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ படங்களின் கொடியவன் ஃபிரெட்டி க்ரூகர் கதையும் ஏறக்குறைய இதுவே. தூக்கத்தில் வந்து கொல்பவன் என்ற எண்ணம், நம் ஊர் அமுக்குவான் பேயை அறிந்த எவருக்கும் உடனே உறைக்கும். அடுத்தடுத்த படங்களில் அவனை வசனம் பேசிச் சிரிக்கவைக்கத் தொடங்கியதும் பயம் பாதி ஆவியாகிவிட்டது.

2024 செப்டம்பரில் ‘தும்பாட்’ என்ற இந்திப் பேய்ப்படம் மீண்டும் திரைக்கு வந்தபோது நானும் அண்ணன் மகனும் நனைந்துகொண்டே போய்ப் பார்த்தோம். அதன் கொடியவன் ஹஸ்தருக்கும் ஒரு முன்கதை உண்டு, ஆனால் அது தொடக்கத்திலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அவனிடம் எஞ்சியிருப்பது தீராத பசி மட்டுமே. பசிக்கு நியாயம் சொல்ல வேண்டியதில்லை. 2018இல் முதலில் வெளிவந்தபோது கிடைத்ததைவிட மறுவெளியீட்டில் அந்தப் படம் அதிகம் வசூலித்தது என்றால், அதற்குக் காரணம் இடைப்பட்ட ஆண்டுகளில் ஹஸ்தரை வாய்வழியாகவே வளர்த்த ரசிகர்கள்தான். தமிழில் அப்படியொருவனை உருவாக்கும் இயக்குநருக்காக நான் காத்திருக்கிறேன். சுடுகாடும் பனங்காடும் பாழடைந்த சத்திரமும் உள்ள நிலத்தில் அவனுக்கு இடமா இல்லை?

சாம்ரியின் முகம் போட்ட டி-ஷர்ட் எங்கள் கண்ணில் படவில்லை என்பதால், அண்ணன் மகன் தானே வரைந்து அச்சடிக்கப் போகிறான். நேற்று அந்தப் படத்தைத் தரையில் விரித்து வைத்திருந்தான். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்த அம்மா அதைக் குனிந்து பார்த்தார். “தலைய பொட்டில பூட்டி வச்சிருந்தாவளே, அவன்தான இவன்?” என்றார்.