கல் நம்முடையது, உலை யாருடையது?

"மலைநாட்டு மண்ணுக்குள் இருந்த செல்வத்தை எல்லாம் வெள்ளைக்காரன் அள்ளிக்கொண்டு போய்விட்டான்" என்று யாராவது மேடையில் தொடங்கினால் இங்கே கைதட்டல் நிச்சயம். பொய் என்று சொல்ல மாட்டேன், பாதிக்கதை என்பேன். அள்ளிப் போனதை வைத்து அங்கே என்ன செய்தான், அதை நாம் ஏன் செய்யவில்லை என்ற மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை.

கேகாலைப் பக்கத்துப் போகல சுரங்கத்தை எடுங்கள். பாறை வெடிப்புகளில் நரம்பாக ஓடும் காரீயம், அதாவது கிராஃபைட். கட்டியாக வெட்டி எடுக்கக்கூடிய இந்த வகை, வணிக அளவில் கிடைப்பது இலங்கையில்தான். தொட்டால் விரலெல்லாம் வெள்ளி மினுக்கத்தோடு கறுத்துவிடும். பென்சிலுக்குத்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அன்றைக்கு அதன் பெரிய வேலை மூசை செய்வது. நம்மூர்ப் பத்தர் தங்கம் உருக்கும் கிண்ணம் தெரியுமல்லவா, அதன் பெரிய அண்ணன். களிமண்ணோடு காரீயம் கலந்து சுட்ட மூசை திடீர்ச் சூட்டில் எளிதில் வெடிக்காது, உருகிய உலோகமும் ஒட்டாது.

ஆரம்பத்தில் மூங்கில் ஏணியும், மர உருளையில் கயிறு சுற்றிக் கையால் இழுக்கும் பொறியும்தான். நீராவிப் பொறி, வெடிமருந்து, காற்றழுத்தத் துளைப்பான் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. மேலே வந்த கட்டியைச் சின்னக் கோடரியால் கொத்தி, ஈரச் சாக்கில் தேய்த்து, கட்டி, சில்லு, தூள் என்று பிரிப்பார்கள். இந்த வேலையில் பெண்கள்தான் அதிகம். நம் கைவேலை அதோடு சரி. லண்டன் பட்டர்சீக்கும் அமெரிக்காவின் ஜெர்சி நகரத்துக்கும் போய்த்தான் அது மூசையானது. முதலாம் உலகப் போரின் நடுவில், 1916இல் மட்டும் 33 ஆயிரம் தொன்னுக்கு மேல் கப்பலேறியது. ஆயுதத்துக்கு உருக்கு என்கிற எஃகும் பித்தளையும் வேண்டுமே. போர் முடிந்தது, மடகாஸ்கரின் செதில் காரீயம் போட்டிக்கு வந்தது, உருக்கு ஆலைகள் மூசையை விட்டு மின்னுலைக்கு மாறின. நம் சந்தை விழுந்தது. அவர்கள் உலையை மாற்றிக்கொண்டார்கள். நம்மிடம் இருந்தது குழி மட்டும்.

மாணிக்கக் கதை இன்னும் மோசம், ஏனென்றால் அதற்குள் வெள்ளைக்காரன் போயே போய்விட்டான். பலாங்கொடைப் பக்கம் குழிவேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இல்லம் என்கிற மாணிக்கச் சரளையை வட்டிக் கூடையில் போட்டு நீரில் சுழற்றினால் மண்ணும் லேசான கல்லும் விளிம்பால் வழிந்து போகும், கனத்தது அடியில் தங்கும். அதில் பால் கலங்கினாற்போல் வரும் குருந்தக் கல்தான் (நீலக்கல் இனம்) கெவுடா. வெகுகாலம் அதை யாரும் மதித்ததில்லை. எழுபதுகளில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து மொத்தமாக வாங்கிப் போனார்கள். போய், 1,500 பாகை செல்சியசுக்கு மேல், ஒட்சிசன் குறைந்த உலையில் வைத்தார்கள். கலங்கலுக்குக் காரணமான, ரூட்டைல் என்கிற கனிமத்தின் நுண்ணிய ஊசிகள் கரைந்து, அவற்றிலிருந்த தைட்டானியம் கல்லுக்குள் ஏற்கெனவே இருந்த இரும்போடு சேர, நீலம் பிறந்தது. இங்கே கழித்துப் போட்ட கல் அங்கே நீலக்கல். நம்மவர்கள் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். இப்போது தரகர்கள் கெவுடாவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து 'டீசல்' ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். அந்த எண்ணெய் நிறம் தெரிந்தால் விலை ஏறும்.

பொறி யார் கையிலோ லாபமும் அவர் கையில் என்பதை நம் மாணிக்கக் குழிக்குள்ளேயே பாருங்கள். தண்ணீர் இறைக்கும் மோட்டர்க்காரருக்குத் தனிப் பங்கு உண்டு. அவர் சேற்றில் கால் வைக்க வேண்டியதில்லை.

நமக்கு உலை வேலை வராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவ அணையில் நீர் நிரம்புவதற்கு முன்பு அங்கே ஆய்வு செய்த தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப், மேற்குப் பார்த்த மலைச்சரிவுகளில் வரிசையாக இரும்பு உலைகளைக் கண்டார். முதலாம் ஆயிரமாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. துருத்தி கிடையாது, தென்மேற்குப் பருவக்காற்றே ஊதியிருக்கிறது. அதே மாதிரி உலை கட்டி, அதே காற்றில் எரித்து, காபன் கூடிய உருக்கு கிடைத்ததை 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். அந்த இடங்களில் பல இன்று நீருக்கு அடியில்.

தேயிலையில் மட்டும் ஆலை தோட்டத்திலேயே நிற்பதற்கு நம்மேல் உள்ள பிரியம் காரணமில்லை. பறித்த கொழுந்து காத்திருக்காது, கெட்டுவிடும். கல்லும் காரீயமும் எத்தனை மாதமும் கப்பலில் கிடக்கும். ஆனாலும் ஆலை இங்கே நின்றதால்தான் என்ஜின் ஓட்டவும் ரோலர் பழுது பார்க்கவும் தெரிந்தவர்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள்ளிருந்தே வந்தார்கள்.

சரி, மூலப்பொருள் ஏற்றுமதியைத் தடை செய் என்கிறார்கள். செய்தால் கல் இங்கேயே கிடக்கும், அவ்வளவுதான். உலையின் வெப்பத்தையும் வாயுவையும் கட்டுப்படுத்தத் தெரிந்த ஆட்கள் தடையால் முளைத்துவிட மாட்டார்கள். அடுத்த தடவை வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இன்னொரு சமூக மண்டபம் கேட்க வேண்டாம். பலாங்கொடையிலோ ஹட்டனிலோ, தோட்டத்துப் பிள்ளைகள் தமிழில் படிக்கும்படி ஓர் உலைத்தொழில் பயிற்சி வகுப்பைக் கேளுங்கள். நான் கேட்கத்தான் போகிறேன்.