பெரியவர்கள் இல்லாத ஊரில் கைக்குழந்தையை யார் தூக்குவது?

மைக்கேல் கிராண்ட் 2008-இல் எழுதிய ‘கான்’ (Gone) நாவலைப் படித்து முடித்தேன். 15 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோரும் ஒரே நொடியில் காணாமல் போகிறார்கள். பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர்கூட வகுப்பிலேயே மறைந்துவிடுகிறார். கலிஃபோர்னியாவில் பெர்டிடோ பீச் என்ற கற்பனை ஊர், அதைச் சுற்றித் தாண்ட முடியாத ஒரு சுவர், உள்ளே பிள்ளைகள் மட்டும்.

இந்தக் கதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் சாமும் கெய்னும் மோதிக்கொள்வதைத்தான் பேசுகிறார்கள். ஒருவன் கையிலிருந்து ஒளி பாய்கிறது, இன்னொருவன் பொருள்களை மனதாலேயே தூக்கி எறிகிறான். விறுவிறுப்பான பக்கங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் என் மனதில் தங்கிவிட்டவள் மேரி. 14 வயதுப் பெண், தம்பி ஜானைத் துணைக்கு வைத்துக்கொண்டு குழந்தைகள் காப்பகத்தை நடத்துகிறாள். ஊரில் யார் தலைவன் என்ற சண்டை நடக்கும்போது இவளுக்கு டயப்பர் கவலை, அழுகிற குழந்தைகளின் கவலை. சாப்பிட்டதை யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுக்கும் நோய் அவளுக்கு உண்டு. அத்தனை குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவளை யார் பார்த்துக்கொள்வது?

இந்த வகை நாவல் எதை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: ஆகச் சின்னக் குழந்தைக்கு யார் சோறு ஊட்டுகிறார்கள்? பெரியவர்கள் இல்லாமல் ஒரு தீவில் மாட்டிக்கொண்ட பையன்களைப் பற்றி வில்லியம் கோல்டிங் 1954-இல் எழுதிய புகழ்பெற்ற ‘லார்ட் ஆஃப் த ஃபிளைஸ்’ கதையில் சின்னப் பையன்கள் மொத்தம் எத்தனை பேர் என்று பெரிய பையன்கள் கடைசிவரை எண்ணவே இல்லை. முகத்தில் மச்சம் உள்ள ஒரு சிறுவன் முதல் தீ பரவிய பிறகு கண்ணில் படவே இல்லை, அவன் பெயரும் நமக்குத் தெரியாது. அந்தக் கதையில் மிகக் கொடூரமான இடம் எனக்கு அதுதான். அதைப் படித்துவிட்டு, பெரியவர்கள் இல்லையென்றால் பிள்ளைகள் மிருகமாகிவிடுவார்கள் என்கிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தீவில் ஒரு பெண்பிள்ளை இல்லை, இடுப்பில் தூக்கிச் சுமக்க ஒரு கைக்குழந்தை இல்லை. அங்கே நடந்ததை வைத்து எல்லாப் பிள்ளைகளையும் எப்படி எடைபோடுவது?

2023 மே மாதம் கொலம்பியாவின் அமேசான் காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. அதிலிருந்த பெரியவர்கள் மூவரும் இறந்துபோனார்கள், பிள்ளைகள் நால்வரின் அம்மா உட்பட. மூத்தவளுக்கு 13 வயது, கடைசிக் குழந்தைக்கு 11 மாதம். விமானத்திலிருந்த மரவள்ளி மாவை எடுத்துக்கொண்டு, பாட்டி சொல்லிக்கொடுத்த காட்டறிவை நம்பி அந்தப் பெண் தம்பி தங்கைகளை 40 நாள் உயிரோடு வைத்திருந்தாள். தேடிப் போனவர்களுக்கு வழியில் ஒரு பால் புட்டி கிடைத்தது. காட்டுக்குள்ளேயே அந்தக் குழந்தைக்கு ஒரு வயது முடிந்தது.

இப்படி ஒரு பெண்ணை இந்த நாவல்களில் ஓரத்தில்தான் நிறுத்துகிறார்கள். கிராண்டாவது அவளுக்கு ஒரு பெயரும் சில அத்தியாயங்களும் கொடுத்தார், அதற்காகவே அவரைப் பிடித்திருக்கிறது.

அப்புறம், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. சக்தியுள்ள பிள்ளைகளின் கைகளைச் சிமெண்ட்டில் புதைத்து வைக்கும் காட்சிகள் இதில் உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். பதின்மூன்று, பதினான்கு ஆனவர்கள் தாராளமாகப் படிக்கலாம், நீங்களும் கூடவே படித்தால் நல்லது.

மேரி மாதிரி ஒருத்தியை நடுவில் வைத்து, தலைவர் சண்டையை ஓரத்துக்குத் தள்ளிய நாவல் ஏதாவது படித்திருந்தால் பெயர் சொல்லுங்கள். அடுத்து அதைத்தான் படிக்கப் போகிறேன்.