மதகைப் பற்றிப் பாராளுமன்றத்தில் பேசலாமா?

"பாராளுமன்றத்துக்குப் போயும் மதகையும் யானை வேலியையும்தான் பேசுகிறார்" என்று மட்டக்களப்பின் பின்வரிசை உறுப்பினர்களைக் கிண்டலடிக்கும் பதிவுகளை அடிக்கடி காண்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பின்னர் தேர்தலே நடக்கவில்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே இயங்கின. அத்தனை காலமும் மதகைப் பற்றி வேறு எங்கே போய்க் கேட்பது? 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்குப் போகப் பாதை எனும் மிதவைப் படகில் ஏறக் காத்து நின்றவர்கள் எவரும் இவற்றைச் சில்லறை விடயங்கள் என்று சொல்லமாட்டார்கள்.

என் குறை வேறு. பலர் பேசுகிறார்கள், வினாக் கேட்பவர்கள் குறைவு. 2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்த, வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும உதவித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையைச் சொல்லி, "படுவான்கரை மக்கள் கண்ணீர் வடிக்கிறார்கள்" என்று முழங்கினால் அமைச்சர் தலையசைத்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார். மாறாக, போரதீவுப்பற்றுப் பிரதேச செயலாளர் பிரிவில் எத்தனை மேன்முறையீடுகள் கிடைத்தன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, என்ன காரணத்துக்காக என்று வாய்மூல விடைக்கான வினாவாக எழுத்தில் கொடுத்தால், அந்த வினா அமைச்சிலிருந்து மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும், அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கும் இறங்கி, கடைசியில் கிராம உத்தியோகத்தரின் மேசையில் தூங்கும் கோப்பையும் திறக்க வைக்கும். விடை பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் ஏறிவிட்டால், மேன்முறையீட்டுத் துண்டோடு அலையும் ஒரு விதவைத் தாய்க்காகப் பேசப்போகும் எவரும் அதையே எடுத்துக் காட்டலாம்.

விடை சொல்ல அமைச்சர்கள் அவகாசம் கேட்பது வழமைதான். அந்த அவகாசம் முடிந்ததும் அதே வினாவை மறுபடி எழுப்புகிறாரா என்பதில்தான் ஓர் உறுப்பினரை நான் எடைபோடுவேன். பின்வரிசையில் இருப்பவருக்குக் கட்சி ஒதுக்குவது சில நிமிடங்களே. அதில் பாதியைத் தலைவருக்கு நன்றி சொல்லவே செலவழிப்பவர்களும் இருக்கிறார்கள் (யாரென்று உங்களுக்கே தெரியும்). முன்கூட்டிக் கொடுக்கும் வினாவுக்கோ அந்த நிமிடக் கணக்கு இல்லை.

பேச்சை வெட்டி ஒட்டிக் காணொளியாகப் போடும் உறுப்பினர்களின் பக்கங்களில் அமைச்சரின் விடையை மட்டும் காணமுடிவதில்லை. இனி அந்த விடையையும், அது கிடைத்த திகதியையும், கிடைக்கவில்லையென்றால் கிடைக்கவில்லை என்பதையும் காணொளிக்குக் கீழே தமிழில் போடுங்கள்.