இரண்டு காக்ளியர் கருவி இருந்தாலும் ஒலியின் திசை முழுதாகப் பிடிபடாது

"இரண்டு காதிலும் காக்ளியர் கருவி வைத்துவிட்டால் சத்தம் எந்தப் பக்கம் என்று நம்மைப் போலவே தெரிந்துவிடும், பிள்ளையைத் தனியாகச் சாலை கடக்க விடலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காக்ளியர் கருவி என்பது காது கேளாதவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் வடசென்னையின் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துப் பெற்றோர் இதை நம்பிவிடக் கூடாது.

ஒற்றைக் கருவியோடு திசை சொல்வது ஏறக்குறைய ஊகம்தான். அதைவிட இரண்டு எவ்வளவோ மேல். ஆனால் இயல்பான காது நேர் எதிரே ஓரிரு பாகை விலகலைக்கூடப் பிடித்துவிடும். இரு கருவி உள்ளவர்களுக்கோ பிழை பெரும்பாலும் 20, 30 பாகை வரை போகிறது.

பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதை எட்டி மறு காதை எட்ட ஒரு மில்லி நொடிகூட ஆகாது. அந்த நுண்ணிய இடைவெளியை வைத்தே மூளை திசையைக் கணிக்கிறது. பெரும்பாலான கருவிகளில் இடமும் வலமும் தனித்தனியே இயங்குவதால் அந்தத் தடயம் தொலைந்துபோகிறது. எஞ்சுவது, ஒரு காதில் சத்தம் கூடுதல், மறு காதில் குறைவு என்பது மட்டுமே. அதையும் உரத்த ஒலியை அடக்கும் அமைப்பு மழுக்கிவிடும்: லாரி ஹாரன் அடித்தால் அருகிலுள்ள காதின் கருவிதான் அதிகம் அடக்கும்! முன்னாலா பின்னாலா என்பது இன்னும் குழப்பம். மைக் பெரும்பாலும் காதுமடலுக்கு மேலே இருப்பதால் மடலின் உதவி கிடைப்பதில்லை.

இதைப் படித்துவிட்டு இரண்டாவது கருவி வீண் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு முதல் கருவி வைத்ததற்கும் இரண்டாவது வைப்பதற்கும் இடையிலான ஆண்டுகள் குறையக் குறையப் பலன் கூடும். இரைச்சலில் பேச்சைப் பிடிக்கவும் உதவும். சாலையை மட்டும் கண்ணை நம்பிக் கடக்கப் பழக்குங்கள்.