16/64 = 1/4. விடை சரி, கணக்கு தப்பு

இரண்டு நாளாகச் சமூக ஊடகத்தில் எங்கே திறந்தாலும் ஓர் ஆறாம் வகுப்புப் பையனின் கணக்கு விடைத்தாள்தான். பையன் 16/64-ல் மேலே ஒரு 6, கீழே ஒரு 6, இரண்டையும் அடித்துவிட்டு 1/4 என்று எழுதியிருக்கிறான். டீச்சர் மார்க் போடவில்லை. ‘விடை சரியாத்தானே இருக்கு, இவங்கல்லாம் டீச்சரா, வேலையை விட்டுத் தூக்குங்க’ என்று கூடிநின்று திட்டுகிறீர்கள். திட்டிய ஒருவர்கூட அந்த இரண்டு 6-ஐ உற்றுப் பார்க்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

விடை சரி. கணக்கு தப்பு. அதே பையனிடம் 13/34 கொடுங்கள். இரண்டு 3-ஐயும் அடித்து அதற்கும் 1/4 என்பான். 13/34-ஐச் சுருக்கவே முடியாது. 16-ல் இருக்கும் 6 வெறும் ஆறு, 64-ல் இருக்கும் 6 அறுபது. மேலும் கீழும் 16-ஆல் வகுத்தால்தான் 1/4 வரும். சைபரை அடிப்பதை விட்டுவிட்டால், 1-ஐவிடச் சிறிய ஈரிலக்கப் பின்னங்களில் இப்படி அடித்து ஒத்துவருவது மொத்தமே நான்கு: 16/64, 19/95, 26/65, 49/98. அதில் ஒன்று பரீட்சையில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

விடை சரியாக இருந்தால் போதாதா, அதற்கு வந்த வழியைப் படிப்படியாக எழுதும் ‘படி’ எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 503-லிருந்து 267-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 236. ஒரு பிள்ளை 364 என்று எழுதும். 3-ல் 7 போகாது, அதனால் 7-ல் 3-ஐக் கழித்து 4. 0-ல் 6 போகாது, அதனால் 6. 5-ல் 2 போனால் 3. பெரியதிலிருந்து சின்னதைத்தான் கழிக்க வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்ட பிள்ளை அது. இன்னொரு பிள்ளை 146 என்று எழுதும். இதற்குக் கடன் வாங்கத் தெரியும். பத்தாம் இடத்தில் சைபர் இருப்பதால் நேராக 5-இடம் போய் வாங்கி, 13-ல் 7 போக 6 என்று போடும். பிறகு சைபருக்காக இன்னொரு முறை வாங்கி 4, கடைசியில் 3-ல் 2 போக 1. நூறை வாங்கிவந்து பத்தாகச் செலவழித்ததால் 90 காணாமல் போயிருக்கிறது. 236-க்கும் 146-க்கும் வித்தியாசம் சரியாக அந்த 90தான்.

இரண்டு விடையும் தப்பு. ஆனால் முதல் பிள்ளைக்குக் கழித்தலையே மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு ஒரு நூறு என்பது ஒன்பது பத்தும் பத்து ஒன்றும் என்று குச்சிக்கட்டைப் பிரித்துக் காட்டினால் போதும். கடன் வாங்கும்போது இலக்கத்தின் தலைக்கு மேலே அடித்து எழுதிய சின்ன எண்கள் இல்லாவிட்டால் எந்தப் பிள்ளைக்கு எது என்று டீச்சருக்கு எப்படித் தெரியும்?

‘ராமானுஜன் படி எழுதினாரா?’ என்று கேட்கிறார்கள். சிலேட்டில் போட்டுப் பார்த்து முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். போடாமல் எழுதவில்லை. 1914-ல் கேம்பிரிட்ஜ் போனவரிடம் அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டி ஓயாமல் கேட்டது நிரூபணத்தைத்தான். பகா எண்கள் பற்றி அவர் எழுதியதில் சில தப்பாகவும் இருந்தன. போட்டித் தேர்வில் படிக்கு மார்க் இல்லையே என்கிறீர்கள். இது ஆறாம் வகுப்பு ஐயா.

‘டீச்சர் சொன்ன வழியில்தான் போடணுமா?’ இது நியாயமான கேள்வி. வேண்டாம். 267-உடன் 33 சேர்த்தால் 300, இன்னும் 203 சேர்த்தால் 503, ஆக 236 என்று எழுதும் பிள்ளைக்கு முழு மார்க் தர வேண்டும். தராத ஆசிரியரைக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். காரணம் எழுதாமல் சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போவதும் தப்புதான். 13/34-ஐப் பக்கத்தில் எழுதி ‘இதை அடித்துப் பார்’ என்றிருக்கலாம்.

ஆனால் குறுக்குவழியைச் சொல்லித் தந்தது யார்? சமன்பாட்டில் ஓர் எண் ‘அந்தப் பக்கம் போனா மாறும்’, கூட்டல் கழித்தலாகும் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 3எக்ஸ் + 7 = 22. ஏழு போய் 3எக்ஸ் = 15 வரை சரி. அடுத்து 3-உம் ‘மாறி’ 15 − 3 = 12 என்று நிற்கிறது பிள்ளை. இருபுறமும் 7-ஐக் கழி, இருபுறமும் 3-ஆல் வகு என்று இரண்டு வரி எழுதவைத்திருந்தால் 5 வந்திருக்கும். அந்த இரண்டு வரியை எழுதச் சொல்லும் ஆளைத்தான் வேலையை விட்டுத் தூக்கச் சொல்கிறீர்கள். விடைத்தாளோடு அவர் பெயரையும் பள்ளியையும் போட்டவர்கள் முதலில் அதை நீக்குங்கள்.