ஆச்சி நகையை எடைக்குப் போடாதீர்கள்

லாக்கரில் கிடக்கும் பழைய நகையை என்ன செய்வது என்று என் வயதுப் பெண்கள் கூடும் இடமெல்லாம் பேச்சு வருகிறது. என் பதில் ஒன்றுதான். அதை ஆசையோடு அணியக்கூடியவளுக்கு, நாம் உயிரோடு இருக்கும்போதே, நம் கையாலேயே கொடுத்துவிட வேண்டும். கடையில் போட்டுப் புதிது எடுப்பதைக் கடைசி வழியாக வையுங்கள்.

நம் நெல்லைச் சீமையில் பெண் பிறந்த அன்றே பவுன் கணக்குத் தொடங்கிவிடுகிறது. சீட்டுப் போட்டு, வயல் மகசூலில் மிச்சம் பிடித்துச் சேர்த்து, கல்யாணத்தன்று கழுத்து கொள்ளாமல் பூட்டி அனுப்புகிறோம். அவள் அதை நாத்தனார் கல்யாணத்துக்கு ஒரு தடவை போடுகிறாள், வளைகாப்புக்கு ஒரு தடவை. அப்புறம் லாக்கர்தான். அங்கே பத்திரமாக இருக்கிறது என்ற எண்ணமும் முழுக்கச் சரியில்லை. வங்கியின் குறையால் திருட்டோ தீயோ நேர்ந்தால்கூட, ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான் வங்கி பொறுப்பு. ஒட்டியாணத்தின் விலைக்கு அது எந்த மூலைக்கு?

டவுன் ரத வீதிகளில் நடந்தால், பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கச் சொல்லும் பலகைகள் கண்ணில் படாமல் இருக்காது. கணக்கை ஒரு முறை நிதானமாகப் போட்டுப் பாருங்கள். கெம்பு அட்டிகை என்றால் கல் எடை கழியும், அரக்கு எடை கழியும். அந்தக் காலத்து ஆசாரி பற்றவைத்த பொடியால், உருக்கும்போது மாற்று, அதாவது தங்கத்தின் தரம், இறங்கும், அதற்கும் கழிவு. பிறகு வாங்கும் புது நகைக்குச் செய்கூலி, சேதாரம், மேலே ஜி.எஸ்.டி. என்றோ கூலி கொடுத்து முடித்த தங்கத்துக்கு மறுபடி கூலி கொடுக்கிறோம். கைக்கு வருவதோ, எல்லார் கழுத்திலும் தொங்கும் அதே மெஷின் டிசைன்.

பணம் தேவைப்பட்டு விற்பதை நான் குறை சொல்லவில்லை. பிள்ளையின் படிப்புக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் உதவாத தங்கம் எதற்கு? அப்போது மெஷின் செயினையும் கட்டிங் வளையலையும் முதலில் விற்றுவிடுங்கள், கைவேலை நகையை ஒதுக்கி வையுங்கள். ஹால்மார்க் இல்லாத பழைய நகை விலை போகாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். 2021 ஜூனில் வந்த கட்டாய ஹால்மார்க் விதி, கடைக்காரர் நமக்கு விற்கும் நகைக்குத்தான். அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் நாமே கொண்டுபோய்ச் சோதிக்கலாம். நான்கு உருப்படி வரை 200 ரூபாயும் வரியும்தான். மாற்று என்ன என்று தெரிந்துகொண்டு கடைப்படி ஏறினால் பேச்சே வேறாக இருக்கும்.

எனக்கு மனம் ஆறாதது பாம்படம் விஷயத்தில். தோள் வரை காது வளர்த்த ஆச்சிகள் போட்ட காதணி அது. உருண்டையும் சதுரமும் தட்டும் சேர்த்த வேலை. மெல்லிய தங்கத் தகடு, உள்ளே அரக்கு. பார்வைக்குத்தான் பெரிது, உருக்கினால் தங்கம் கொஞ்சம்தான் தேறும். பேரன் பேத்திகள் கூச்சப்பட்டார்கள் என்பதற்காகக் காதை அறுத்துத் தைத்துக்கொண்ட ஆச்சிகள் எத்தனை பேர்! பாம்படமும் கூடவே பட்டறைக்குப் போனது. 1963-இல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றார்கள். 1968-இல் தனிச் சட்டமே வந்தது, 1990-இல்தான் நீங்கியது. அந்த ஆண்டுகளில் தொழிலை விட்ட ஆசாரிகளோடு போன கைப்பழக்கத்தை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. ஆதிச்சநல்லூர் அகழாய்வில் கிடைத்த தங்க நெற்றிப்பட்டத்தைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படும் ஊர்க்காரர்கள் நாம். சொந்த வீட்டு ஆச்சியின் பாம்படத்தை எடைக்குப் போட நமக்கு எப்படி மனம் வருகிறது?

சரி, யாருக்குக் கொடுப்பது? மகளுக்குத்தான் என்று சட்டம் எதுவும் இல்லை. மருமகளாக இருக்கலாம், தம்பி மகளாக இருக்கலாம். அவளையே கூப்பிட்டுக் கேளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒரு பெண் இறந்தால் அவள் நகை கணவருக்கும் மகன், மகள்களுக்கும் சமபங்கு. எடையைச் சமமாகப் பிரிக்கலாம், ஒரு அட்டிகையை எப்படிப் பிரிப்பது? எனக்குத் தெரிந்த வீடொன்றில் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு காசுமாலையை அறுத்து ஆளுக்கு இத்தனை காசு என்று பங்கு வைத்தார்கள். அந்த அம்மாள் உயிரோடு இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாலை மாலையாகவே இருந்திருக்கும். நகையைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டாலே அது செல்லும், பத்திரப்பதிவு வேண்டாம். மகளுக்கும் மருமகளுக்கும் கொடுக்கும்போது வாங்கியவர் வருமான வரி கட்ட வேண்டியதும் இல்லை. மற்ற பிள்ளைகள் முன்னிலையில் கொடுத்துவிடுவது நல்லது.

கொடுத்த பிறகு அது அவளுடையது. ஜிமிக்கி கனக்கிறது என்று தோட்டை மட்டும் போட்டால் போடட்டும். பாம்படத்தின் ஒரு தட்டைக் கருப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட விரும்பினால், நல்ல ஆசாரியிடம் நீங்களே அழைத்துப் போங்கள். உருக்காமல் செய்யும் மாற்றம் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எடை, யார் செய்தது, யார் யாருக்குப் போட்டது என்று ஒரு நோட்டில் எழுதி நகையோடு சேர்த்துக் கொடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த விடுமுறையிலேயே உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு உருப்படியின் பெயரையும் அவர்கள்தான் சொல்வார்கள்.